மலையகத்தை அதன் வேலை நேரத்தில் பார்ப்பது: உள்ளூர் வாழ்க்கையைத் தேடிச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே பாதையில் வந்து அதே பாதையில் திரும்பிப் போகிறார்கள். கண்டியில் தலதா மாளிகை, நுவரெலியாவில் கிரகரி வாவி, நானுஓயாவில் ஏறி எல்லயில் இறங்கும் ஒரு புகையிரதப் பயணம், ஒன்பது வளைவுப் பாலத்தில் எடுத்த படம், இடையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அரைமணி நேரம் என்று நாட்கள் முடிந்துவிடுகின்றன. இவற்றைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் மலையகத்தில் வாழ்கிற ஒருவரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வாய்க்காமலேயே பலர் ஊர் திரும்புகிறார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கும் இதுவே நேர்கிறது என்பதுதான் வியப்பு.

மலையகம் முதலில் ஒரு வேலைத்தலம். அதற்கு விடியும் நேரமும் நிறுவை நேரமும் சம்பள நாளும் ஓய்வு நாளும் திருவிழாக் காலமும் இருக்கின்றன. வெளியூர்க்காரர் தமது வசதிக்கேற்பக் காலை பத்து மணிக்கு வாகனத்தை விட்டு இறங்கினால் பச்சை மலைச்சரிவைத்தான் காண்பார். அந்த ஊரின் நேரத்துக்குத் தம்மைப் பொருத்திக்கொண்டவருக்கே அங்குள்ள வாழ்க்கை கண்ணில் படும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இதை ஒட்டியவையே.

முதற்படி: எந்தச் சரிவு, எந்த மாதம்

மத்திய மலைத்தொடர் நாட்டின் மழையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை ஆகிய மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கும்போது, மலைக்கு அப்பால் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை ஆகிய ஊவாப் பகுதிகளில் வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும். ஆண்டிறுதியில் வடகீழ் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். தேயிலையின் தரமும் இதன்படியே மாறுகிறது: ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும், டிம்புள்ள எனப்படும் மேற்குச் சரிவுத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் நல்ல பருவம்.

முதல் முறை வருபவருக்கு நான் சொல்வது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தையும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தையும்தான். தைப்பொங்கல், மாசிமாதக் காமன் கூத்து, மாத்தளைத் தேர், சிவனொளிபாதமலை யாத்திரை எல்லாம் இந்த மூன்று மாதங்களுக்குள் வந்துவிடுகின்றன. இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் இல்லாமல் வர வேண்டாம். ஊவாப் பக்கம் போக விரும்புகிறவர் ஜூலை அல்லது ஆகஸ்டைத் தேர்ந்துகொள்ளலாம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் என்று கொழும்பே திரண்டு வந்துவிடும். அறை வாடகை பன்மடங்காகும், உள்ளூர்க்காரர்கள் கடை போடுவதிலும் வாகனம் ஓட்டுவதிலும் மூழ்கியிருப்பார்கள். அந்த மாதத்தை விட்டுவிடுவதே நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரு சரிவுகளிலும் மழை பெய்யும். மண்சரிவு அபாயம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் வீடுகளையும் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் எவ்வளவு சிதைத்தது என்பதைப் பார்த்த பிறகு, பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் எவரும் புறப்படக்கூடாது.

இரண்டாம் படி: எங்கே தங்குவது

உல்லாசப் பயணிகளுக்காகவே வளர்ந்த ஊர்களில் உள்ளூர் வாழ்க்கையைத் தேடுவது கடினம். எல்லயின் பிரதான வீதியில் நடந்தால், நீங்கள் இலங்கையில் இருக்கிறீர்கள் என்பதற்கு முச்சக்கரவண்டிகளைத் தவிர வேறு சான்று கிடைப்பது அரிது. அவ்வூரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மாறாக, தோட்டங்களுக்குச் சாமான் வாங்கும் கடைத்தெருவும் பஸ் நிலையமும் பள்ளிக்கூடமும் உள்ள சிறு நகரங்களைப் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, பொகவந்தலாவை, புசல்லாவை, இராகலை, ஹப்புத்தளை, வெலிமடை ஆகியவை அத்தகையவை. இங்கே ஆடம்பர விடுதிகள் குறைவு. குடும்பங்கள் நடத்தும் தங்குமிடங்களும் எளிய ஓய்வு விடுதிகளும் கிடைக்கும்.

ஒரே ஊரில் மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாள் கடைக்காரருக்கு நீங்கள் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. இரண்டாம் நாள் காலையில் அதே மேசையில் அதே தேத்தண்ணியைக் கேட்டால், எந்த ஊர் என்று விசாரிப்பார். மூன்றாம் நாள், உங்களை எந்தத் தோட்டத்துக்கு அனுப்பலாம் என்று அவரும் பக்கத்து மேசைக்காரரும் விவாதிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

துரைமார் எனப்படும் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் வாழ்ந்த பழைய பங்களாக்களில் தங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அழகானவை, புல்வெளியும் கணப்படுப்பும் வெள்ளையுடைப் பணியாளரும் இருப்பர். ஆனால் அங்கிருந்து தோட்டத்தைப் பார்ப்பது என்பது அன்று துரை பார்த்த இடத்திலிருந்தே பார்ப்பதாகும். விருப்பமிருந்தால் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: புகையிரதமும் தோட்டத்து பஸ்ஸும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட இந்தப் பாதை, 1880களில் ஹட்டனையும் நானுஓயாவையும் அடைந்து, 1924இல்தான் பதுளையைத் தொட்டது. அதனால்தான் நிலையங்கள் பலவும் ஊர்களைவிடத் தோட்டங்களுக்கே அருகில் இருக்கின்றன. முன்பதிவு செய்த பெட்டிகளில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளே இருப்பார்கள். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறினால், கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளோடு பயணம் செய்வீர்கள். இன்றைய மலையக இளைஞர்களில் எத்தனை பேர் தேயிலையை விட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்பதை அந்தப் பெட்டியிலேயே தெரிந்துகொள்ளலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய நாட்களில் நிற்கவும் இடமிருக்காது. கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். சுரங்கச் சுவரிலும் பாறையிலும் மோதி உயிரிழந்தவர்கள் உண்டு.

எல்ல வரை ஒரே மூச்சில் போகாமல் வட்டகொடை, கிறேட் வெஸ்டர்ன், இதல்கஸ்ஹின்ன போன்ற சிறு நிலையங்களில் ஒன்றில் இறங்கிப் பாருங்கள். அடுத்த வண்டி எப்போது என்பதை நிலைய அதிபரிடம் கேட்டுக்கொண்ட பிறகே நிலையத்தை விட்டு வெளியேறுங்கள்.

நகரத்திலிருந்து தோட்டங்களுக்குப் போகும் பஸ்கள் பள்ளிக்கூட நேரத்தையும் வேலை நேரத்தையும் ஒட்டி ஓடுகின்றன. காலை ஆறரைக்கு ஒன்று, நண்பகல் பள்ளி விட்டதும் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருக்கும் பாதைகள் பல. அந்த பஸ்ஸின் நடத்துநரைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. எந்தத் தோட்டத்தில் தேர், எந்தத் தோட்டத்தில் சாவீடு, எங்கே பாதை உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் போகும் காலை பஸ் இதற்கு நல்ல தொடக்கம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையருகே இறங்கி, லிப்டன் சீட் வரை ஏழு கிலோமீற்றர் தேயிலைக்கு நடுவே நடக்கலாம். முச்சக்கரவண்டியில் உச்சிக்குப் போய் முகில் மூடுமுன் படமெடுத்துத் திரும்புபவர்கள் அந்த ஏழு கிலோமீற்றரை இழக்கிறார்கள். வழியிலுள்ள லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள், கோவில்கள், பிள்ளைக் காம்பரா எனப்படும் குழந்தைகள் காப்பகம், பாடசாலை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

நடக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு இப்போது பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. பழைய தோட்டப் பாதைகளையே இணைத்திருப்பதால், எங்கே நடக்கலாம் என்ற ஐயமில்லாமல் தோட்டங்களுக்கு ஊடாகப் போகலாம். ஒரு கட்டம் நடந்தாலும் போதும்.

நான்காம் படி: தோட்டத்துக்குள் போவது

தோட்ட நிலங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்டு, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. வீதியில் யாரும் நடக்கலாம். ஆனால் கொழுந்து எடுக்கும் மலை, தொழிற்சாலை, லயங்கள் ஆகியவை யாரோ ஒருவருடைய பொறுப்பில் உள்ளவை. அனுமதி கேட்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலை எட்டு மணிக்குப் பிறகு தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது. மற்றது, அந்தத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரையோ கோவில் கமிட்டிக்காரர் ஒருவரையோ அறிமுகம் பிடிப்பது. இரண்டாவதுதான் இயல்பான வழி. தோட்டத்தில் எவரைக் கேட்டாலும் தலைவர் வீட்டைக் காட்டுவார்கள். யாருடைய விருந்தாளி என்பது தெரிந்துவிட்டால் லயத்தில் உங்களை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை.

தோட்டத்தின் நாள் பிரட்டுக் களத்தில் தொடங்குகிறது. விடியற்காலையில் பெயர் பதிந்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பப்படும் இடம் அது. பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போவார்கள். ஆண்கள் கவ்வாத்து வெட்டவோ மருந்தடிக்கவோ போவார்கள். பார்க்க வேண்டிய முக்கியமான நேரம் இதற்குப் பிறகு வரும் நிறுவை நேரம்.

கொழுந்து மடுவம் என்பது பாதையோரத்தில் தகரக் கூரை போட்ட சிறு கொட்டகை. பெண்கள் சரிவிலிருந்து வரிசையாக இறங்கி வந்து, கூடையைத் திண்ணையில் சாய்த்து, கொழுந்தைச் சாக்கில் கொட்டுகிறார்கள். முற்றிய இலையும் காம்பும் கண்ணில் பட்டால் பொறுக்கி வீசச் சொல்வார்கள். பிறகு சாக்கு தராசுக் கொக்கியில் ஏறுகிறது. கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்கிறார். சொல்லும் முன்பே அந்தப் பெண் கழுத்தை நீட்டித் தராசைப் பார்த்துவிடுகிறாள். சாக்கு எடைக்கும் ஈரத்துக்குமாகச் சில கிலோ கழிக்கப்படும். மழை நாளில் கழிவு கூடும். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோவோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும், எட்டாவிட்டால் அரைப்பேர். ஆகவே கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் அன்றைய சம்பளத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பது மடுவத்தில் கால் மணி நேரம் நின்றால் புரிந்துவிடும். நிற்கும்போது தராசுக்கும் அவர்களுக்கும் நடுவே போகாதீர்கள். கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு படமெடுக்கும் வழக்கமும் வேண்டாம். அவர்களுக்கு அது ஓய்வுக்குரிய பத்து நிமிடம்.

பெரிய வீதியோரங்களில் புதுச் சேலை கட்டி, கூடையோடு நின்று படத்துக்குப் பணம் கேட்கும் பெண்களைச் சிலர் ஏமாற்றுக்காரர் என்று எரிச்சலோடு பேசுகிறார்கள். நாள் முழுவதும் அட்டைக் கடியில் கொழுந்தெடுத்துக் கிடைப்பதைவிட அதில் கூடுதலாகக் கிடைத்தால் அவர்கள் ஏன் நிற்கக்கூடாது? படம் எடுத்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அதைத் தோட்ட வாழ்க்கை என்று மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தொழிற்சாலையைப் பார்ப்பதற்கும் நேரம் உண்டு. பறித்த கொழுந்து இரவு முழுவதும் தொட்டிகளில் காற்றோட்டத்தில் வாடி, மறுநாள் விடியற்காலையில் உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து, சலிக்கப்படுகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரை கிலோ கொழுந்து தேவை. ஆகவே அதிகாலையில் போனால் உருட்டும் இயந்திரங்கள் ஓடுவதையும், பச்சை இலை செம்பு நிறமாகும்போது எழும் பழவாசனையையும் அனுபவிக்கலாம். மாலையில் போனால் வாட்டும் தொட்டிகள் நிரம்புவதைத்தான் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கட்கிழமை காலையில் உருட்ட எதுவும் இருக்காது. அன்று போய்ப் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஈரமான நாளில் அட்டை ஏறும். நீண்ட காலுறையும், தேய்த்துக்கொள்ளச் சவர்க்காரமோ உப்போ போதும். குளவி அப்படியல்ல. தேயிலைச் செடிக்கு அடியிலும் நிழல் மரத்திலும் கூடு கட்டியிருக்கும். கலைந்தால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும், ஆண்டுதோறும் தொழிலாளர்கள் இதனால் மருத்துவமனைக்குப் போகிறார்கள், இறப்பதும் உண்டு. தோட்டக்காரர் போக வேண்டாம் என்று சொல்லும் மலைக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடு

நுவரெலியாவில் கண்ணாடிக் கோப்பையில் பரிமாறப்படும் தேநீர் அனைத்தும் நன்றாகவே இருக்கும். தோட்டத்தில் குடிப்பது வேறு: டஸ்ட் எனப்படும் தூள் தேயிலையைக் கொதிக்கக் கொதிக்கச் சாயமேற்றி, சீனியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்கும் பிளேன்டீ. அதற்குத் துணை ரொட்டி. கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டு, வசதிப்பட்டால் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையாலேயே தட்டி, விறகடுப்பில் காய்ந்த இரும்புத் தட்டில் போடுகிறார்கள். விளிம்பு கருகி, நடுவில் தேங்காய் எண்ணெய் கசிந்து வரும்போது எடுத்தால்தான் ருசி. செத்தல் மிளகாயை அம்மியில் வைத்து அரைத்த கட்டச் சம்பலோடு, அது மலையில் காலைப் பத்து மணிக்குச் சாப்பிடப்படுகிறது. இளம் தேயிலைக் கொழுந்தை நறுக்கித் தேங்காயோடு சேர்த்துச் சம்பல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சற்றுத் துவர்க்கும், கேட்டுச் சாப்பிட வேண்டியது.

கடைத்தெருவில் சைவக்கடைகள் விடியற்காலையில் தோசை, இட்லி, வடையோடு திறந்துவிடும். இரவில் முஸ்லிம் ஹோட்டல்களில் கொத்துரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். எந்தக் கடையில் பஸ் ஓட்டுநர்கள் சாப்பிடுகிறார்களோ அங்கே சாப்பிடுங்கள்.

ஆறாம் படி: சம்பள நாளும் திருவிழாவும்

தோட்டங்களில் மாதத்தின் 10ஆம் திகதியளவில் சம்பளம் போடுவார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ நின்றால், மலையே நகரத்துக்கு இறங்கி வந்திருப்பது தெரியும். அடகுக் கடை வாசலிலும் துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் தோட்டத்துக் குடும்பங்கள் நிற்கும். நகரத்தை ஒரு நாள் மட்டும் பார்க்க முடியுமானால் அந்த ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள்.

திருவிழாக்களில் முதலிடம் காமன் கூத்துக்கு. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தோடு முடியும் இந்த விழா, மன்மதனை ஈசன் எரித்த கதையை ஊர் முழுவதும் சேர்ந்து நடித்துக் காட்டுவது. ரதி, மதன் வேடமேற்பவர்கள் இளைஞர்கள், விரதமிருந்து ஆடுகிறார்கள். ரதியும் ஆண்தான். தகன இரவில் தப்பும் உடுக்கும் முழங்க, ரதியும் மதனும் லயத்துக்கு லயம் ஆடிவர, தூதனும் குறவன் குறத்தியும் எமனும் வீரபத்திரனும் ஒவ்வொருவராகக் களமிறங்குவார்கள். பொழுது விடியும்வரை யாரும் தூங்குவதில்லை. நள்ளிரவுக்குப் பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்பதால், பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்ப வாகனம் ஒழுங்கு செய்துகொண்டு வருபவர் முக்கியமானதைப் பார்க்கப்போவதில்லை. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இன்னும் ஆடப்படும் தோட்டங்கள் சில இருக்கின்றன. கூத்துக்காரர்கள் வயதாகி வருகிறார்கள், ஆகவே எந்த ஆண்டு எங்கே என்பதை அந்தந்தப் பகுதியில் தையிலேயே விசாரித்து வையுங்கள். விளம்பரம் எதுவும் வராது. கூத்துக்குக் கட்டணமில்லை, தட்டு வரும்போது காணிக்கை போடுவதும், கோவில் கமிட்டியின் பற்றுச்சீட்டுக்குப் பணம் கொடுப்பதும் முறை.

மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனி. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக நடந்தவர்கள் முதலில் வந்தடைந்த மலைநாட்டு நகரம் மாத்தளை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தேரைப் பார்க்க வேண்டும். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் நடந்து வந்தார்கள்.

சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து (போயா என்பது பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரை பருவம். போயா நாட்களையும் வார இறுதியையும் தவிர்த்து, ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ்ஸில் போய் நள்ளிரவில் ஏறத் தொடங்குங்கள். சிங்கள யாத்திரிகர்களின் பாடலும், வழித் தேத்தண்ணிக் கடைகளும், பேரக்குழந்தைகளின் தோளைப் பிடித்து ஏறும் பாட்டிமாரும், 2,243 மீற்றர் உச்சியை அடையும்வரை உங்களோடு வருவார்கள்.

ஏழாம் படி: வீட்டுக்குள் அழைத்தால்

அழைப்பார்கள். தமிழ் பேசும் விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைப்பது இங்கே வழக்கமில்லை. நீங்களாகக் கேட்டு லயத்துக்குள் நுழைவதற்கும் அழைப்பின்பேரில் நுழைவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. லயக் காம்பரா என்பது ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உறங்கி, பிள்ளையைப் படிக்க வைக்கும் ஓர் அறையும் இஸ்தோப்பு எனப்படும் முன் திண்ணையும்தான். உள்ளே தலையை நீட்டிப் படமெடுப்பது, அவர்கள் படுக்கும் இடத்தைப் படமெடுப்பதற்குச் சமம். இஸ்தோப்பில் உட்காருங்கள். கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடியுங்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு பக்கெட் பிஸ்கட்டோ ஒரு சீப்பு வாழைப்பழமோ போதும், அதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். வீதியில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு இனிப்பும் பேனாவும் பணமும் எறிகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் பாடசாலை அதிபரிடமோ வாசிகசாலையிலோ கேட்டு, தேவையானதைக் கொடுங்கள். சமைத்துப் போடச் சொன்னால், அதற்கான பணத்தை முதலிலேயே பேசி, சமைத்த பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுப்பது வேறு கணக்கு.

பேச்சில் சில விடயங்கள். வயதுக்கேற்ப அக்கா, அண்ணன், அம்மா, ஐயா என்று அழைத்தால் போதும். இலங்கையின் வேறு பகுதிகளிலிருந்து வரும் தமிழர் சிலருக்கு இன்றும் தோட்டத்தவரைக் குறித்துப் பேசுகையில் ஒரு இளக்காரத் தொனி வந்துவிடுகிறது. அது இங்கே உடனே புரிந்துகொள்ளப்படும், மறக்கப்படுவதில்லை. சாதியைக் கேட்காதீர்கள். எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், கோவில் திருவிழா எப்போது, இந்த ஆண்டு மழை எப்படி என்று கேட்டால் பேச்சு தானாக விரியும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கூடலூர், கோத்தகிரி உறவுகளைப் பற்றிய கேள்விகள் வரும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அண்ணனை அங்கும் தம்பியை இங்குமாகப் பிரித்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அந்தப் பிரிவின் மறுபாதி வாழ்கிறது. பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மலையின் மற்றக் குடிகள், பழைய இடங்கள்

தோட்டத்தோடு மலைநாடு முடிந்துவிடுவதில்லை. வெலிமடைக்கு அருகே கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போஞ்சியும் மூட்டை மூட்டையாக இறங்கும்போது, சிங்கள விவசாயியும் மூட்டை தூக்கும் தமிழ் நாட்டாமையும் முஸ்லிம் வியாபாரியும் மூன்று மொழி கலந்து விலை பேசுவதைக் கேட்கலாம். கண்டிப் பக்கம் போனால் ஹேனவலவில் ஹன என்னும் செடியின் நாரைச் சாயமிட்டு நெய்யும் தும்பறைப் பாயைப் பாருங்கள்; 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைத்தொழில் அது. நெய்பவரிடமே வாங்குங்கள். மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் விலையைக் கேட்டுவிட்டு, அதே ஏலக்காயை நகரச் சந்தையில் வாங்குங்கள்.

வரலாற்றுக்கு மூன்று இடங்கள். 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலையில் உள்ள தேயிலை நூதனசாலை இயந்திரங்களையும் துரைமாரையும் பற்றிச் சொல்லும். கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், லயம் ஒன்றிலேயே அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, வந்தவர்களின் தகரப் பெட்டியையும் ஆட்டுக்கல்லையும் காட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமென்றால் இரண்டாவதற்குப் போங்கள். மூன்றாவது ஹேவாஹெட்டைப் பகுதி: ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும், 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்த முல்லோயாவும் அந்த மலைகளிலேயே இருக்கின்றன. முதலாவதற்கு வழிகாட்டிப் பலகை உண்டு. இரண்டாவதற்கு ஊரில்தான் வழி கேட்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு

படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் அனுப்புங்கள். இளைஞர்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் வயதானவர்களுக்குக் கையில் பிடிக்கும் படம்தான் வேண்டும், அதை இஸ்தோப்புச் சுவரில் மாட்டுவார்கள். லயங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே போய்ச் சேர்கின்றன, தாமதமாகவும் செய்யும். ஆகவே புறப்படும் முன் பெயர், தகப்பன் பெயர், பிரிவு, தோட்டம், தபால் நகரம் ஆகியவற்றை அவர்களையே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் தோட்டத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் உறை போய்ச் சேராது.